மாமனாருக்கு அனுப்பிய கோயில்

எனக்கு இரண்டு காரியங்களில் அளவுக்கு மிஞ்சிய தன்னம்பிக்கை இருந்த காலம் அது. ஒன்று கார் ஓட்டுவது, மற்றது படம் பிடிப்பது. கார் ஓட்டியதைப் பற்றி என் மனைவி போகிற வருகிற இடமெல்லாம் போதுமான அளவு சொல்லிவிட்டாள். எனவே படம் பிடித்த கதையை மட்டும் நான் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தின் ஆறாம் தட்டில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். நான் ஒரு பொறியியல் கொம்பனியில் படம் வரைபவன். நாள் முழுக்கத் தண்ணீர்க் குழாய்களை நீட்டியும் வளைத்தும் கோடு போடுவதுதான் வேலை. மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கினாள். கடையில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் எடுத்த சாமானை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலே போய்க் கதை கொடுப்போம். அவ்வளவு குறைவாகத்தான் அப்போது நம்மவர்கள் இருந்தார்கள். நான் வந்த முதல் மாதமே ஒரு பழைய யப்பான் கமரா வாங்கினேன். குளிர்க் கோட்டு அதற்குப் பிறகுதான் வாங்கினேன். என் புத்தி எப்படிப்பட்டது என்று இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

நான் சைவம், அவள் கத்தோலிக்கம். கொழும்பில் பதிவுத் திருமணம் செய்துகொண்டுதான் இங்கே வந்தோம். என் வீட்டில் நாலு நாள் சத்தம் போட்டுவிட்டுச் சமாதானமாகிவிட்டார்கள். அவளுடைய அப்பா சத்தமே போடவில்லை. யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பள்ளிக்கூட அதிபராக இருந்து இளைப்பாறியவர். தினமும் விடியப்புறம் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். மகள் என்னைக் கட்டப் போகிறாள் என்று கேள்விப்பட்ட நாளில் அவளோடு பேசுவதை நிறுத்தினார். அவ்வளவுதான். கல்யாணத்துக்கும் வரவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுவாள். இரண்டு வருடமாக எழுதினாள். ஒரு வரி பதில் இல்லை. அவளுடைய தங்கை எழுதும் கடிதங்களிலிருந்து மட்டும் கொஞ்சம் செய்தி தெரியவரும். அப்பா சுகமாக இருக்கிறார், அக்காவின் கடிதம் வந்தால் கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசிக்கிறார், வாசித்து முடித்ததும் மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார், ஒன்றும் சொல்வதில்லை.

இதற்கெல்லாம் காரணம் நான்தான். ஆனால் அவள் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி, இருவரும் சண்டை பிடித்து, அன்றோடு முடித்திருக்கலாம். முதல் ஞாயிறுகளில் அவள் கடிதத்தை ஒட்டிவிட்டுச் சமையலறையில் போய் நிற்கும்போது எனக்கு என்ன செய்வதென்றே தெரியாமல் இருக்கும். தேநீர் போட்டுக் கொடுப்பேன். அதில் சீனி போட மறந்துபோவேன்.

அந்த மார்கழியில் அவள் ஒரு விஷயம் சொன்னாள். தான் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டதாக அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறாராம். பூசைக்குப் போகிறேன் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதியும் அவர் நம்பவில்லை என்று தங்கை எழுதியிருந்தாள். சைவக்காரனைக் கட்டியவள் கோயிலுக்குப் போகிறாளாம் என்று யாரோ அவரிடம் சிரித்தும் இருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உண்மையில் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் பூசைக்கு இறக்கி, முடியும்வரை வெளியே காத்திருந்து ஏற்றி வருகிறவனே நான்தான்.

தவக்காலம் தொடங்குவதற்குள் அப்பாவுக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்றாள். தவக்காலத்தில் அவர் மனம் கொஞ்சம் இளகுமாம். கோபக்காரரோடு சமாதானமாக வேண்டும் என்று ஊருக்கே புத்தி சொல்கிற காலமாம். விபூதிப் புதனுக்கு முன் தபால் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கும் விபூதி உண்டோ என்று நான் கேட்டேன். கலியாணமாகி இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்கிற கேள்வியா இது என்று அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

படம் அனுப்புவோம் என்று சொன்னது நான். கோயிலைப் படம் பிடித்து அனுப்பினால் அவர் நம்பத்தானே வேண்டும். ஆனால் எந்தக் கோயிலை? எங்கள் பகுதியில் அப்போது கோயில் கட்டி முடியவில்லை. பூசை நடந்தது ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில். சாமியார் நற்கருணையை உயர்த்திப் பிடிக்கும்போது அவருடைய தலைக்கு மேலே கூடைப்பந்து வளையம் தொங்கும். சுவரில் போன வருடம் வென்ற அணியின் படம் இருக்கும். இதைப் பிடித்து அனுப்பினால் என் மாமனார் மிச்ச ஆயுள் முழுவதும் பேசாமலே இருந்துவிடுவார்.

"நான் உமக்கு ஒரு நல்ல கோயில் பிடிச்சுத் தாறன்" என்று சொன்னேன். பனிக்குள் நிற்கிற கிராமத்துக் கோயில் ஒன்று, பொழுது சாய்கிற மம்மல் நேரம், கூரையெல்லாம் வெள்ளை. கலண்டரில் வருகிற மாதிரி. அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் எழுத மாட்டேன் என்றாள். இது நாங்கள் போகிற கோயில் என்று எழுத மாட்டாளாம். இது இங்கே உள்ள ஒரு கோயில் என்று மட்டும் எழுதுவாளாம். அதிபரின் மகள் அல்லவா, சொல்லை அளந்துதான் போடுவாள்.

யூனியன்வில் அப்போது ஒரு சின்னக் கிராமம். அதற்கும் வடக்கே போனால் தோட்டங்களும் வேலிகளும்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பழுப்பு நிறப் பழைய காரில் புறப்பட்டோம். இரண்டு தடவை பாதை தவறி, ஒரு தடவை ஒருவருடைய மாட்டுக்கொட்டில் வாசலில் போய் நின்று, கடைசியில் ஒரு சந்தியைத் தாண்டியதும் அதைக் கண்டோம். செங்கல்லில் கட்டிய சின்னக் கோயில். மரக் கோபுரம். சுற்றிலும் வெட்டவெளி. முன்னால் மிதிபடாத பனி, வெள்ளை வேட்டி விரித்த மாதிரி. எனக்கு வாயூறியது.

காரை நிறுத்தியதுதான் தாமதம், நான் இறங்கி ஓடினேன். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், நடுவில் நின்று பார்த்தேன். பிறகு கமராவைக் கண்ணில் வைத்தபோதுதான் தெரிந்தது, மிதிபடாத பனி முழுவதையும் நானே மிதித்து உழுதுவிட்டேன் என்று. காருக்குள் இருந்து அவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை இறக்கி, நெல் விதைக்கப் போறியளோ என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருந்தாலும் ஒரு சுருள் முழுவதும் எடுத்துத் தள்ளினேன்.

ஒரு கிழமை கழித்துப் படங்கள் வந்தன. பனி சாம்பல் நிறமாக இருந்தது. எல்லாப் படத்திலும் சாம்பல்தான். சீமெந்துத் தொழிற்சாலைக்கு நடுவே ஒரு கோயில். கடைக்காரனிடம் போய் கழுவத் தெரியாதவன் என்று ஏச ஆயத்தமானேன். அவள்தான் தடுத்தாள். பிலிம் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை அவள் எடுத்து வாசித்திருந்தாள். நான் அந்தத் தாளை வாழ்க்கையில் ஒருதடவையும் வாசித்ததில்லை; எனக்கென்ன தெரியாதா. அதில் தெளிவாக எழுதியிருந்தது. பனியைப் படம் பிடிக்கும்போது ஒளிமானி காட்டுவதை அப்படியே நம்பக்கூடாது, அதைவிடக் கூடுதலாக வெளிச்சம் விட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை கறுத்துப்போகும் என்று.

நான் செய்தது நேர்மாறு. யாழ்ப்பாணத்து வெயிலில் படம் பிடிக்கப் பழகியவன் நான். வெள்ளை மணல், வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி என்று எதைக் கண்டாலும் கமராவின் கண்ணைச் சுருக்கத்தான் என் கைக்குத் தெரியும். கனடாவில் வந்தும் கை அதையே செய்திருக்கிறது. கைக்கு யார் போய்ச் சொல்வது, நாடு மாறிவிட்டது என்று.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனோம். முதல் நாள்தான் புதிதாகப் பனி கொட்டியிருந்தது. என் உழவு முழுவதும் மூடிப்போயிருந்தது. இந்த முறை பொழுது சாய்கிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். நான் பனியில் கால் வைக்காமல் தெருவோரத்திலேயே கமராவை முக்காலியில் பூட்டினேன். அவள் கோயிலுக்குப் போகிறோம் என்று சேலை கட்டி வந்திருந்தாள். சேலைக்குக் கீழே என்னுடைய கம்பளிக் காற்சட்டை, அதற்குக் கீழே முழங்கால்வரை சப்பாத்து, மேலே கோட்டு, கழுத்திலிருந்து மூக்குவரை சால்வை. மூச்சு விடும்போதெல்லாம் அவளுடைய மூக்குக்கண்ணாடி புகை மூடிக்கொண்டது.

யாரோ கோயில் வாசலுக்குப் பக்கவாட்டில் ஒரு ஒற்றையடிப் பாதையைப் பனி வாரித் துப்புரவாக்கியிருந்தார்கள். அந்த வழியாகப் போம், முன்னால் கால் வைத்தால் கொலை விழும் என்று சொல்லி அனுப்பினேன். கோயிலைச் சுற்றிய வளவின் ஓரத்தில் பனி மூடிய மேடு ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது. அவள் அதற்கு முன்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டாள். எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயில் வளவுகளில் மாதாவின் சுரூபம் வைத்த கற்குகை இருக்கும், கெபி என்பார்கள். இது பனி மூடிய கெபி என்று அவள் முடிவு செய்துவிட்டாள். நெடுநேரம் கும்பிட்டாள். என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும்.

நான் கமராவுக்குள் பார்த்தேன். கூரை வெள்ளை, வானம் கத்தரிப்பூ நிறம். கோபுரத்தின் உச்சிக்குக் கண் போனது. அங்கே சிலுவை இல்லை. ஒரு சேவல் நின்றது. இரும்பில் செய்த சேவல், கொண்டையும் வாலுமாக, வானத்தில் கறுப்பாக எழும்பி நின்றது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் முருகன் கோயிலடியில் பிறந்து வளர்ந்தவன். சேவற்கொடி பிடித்தவன் என்னைப் பார்க்க ஒன்ராறியோவின் வெளிக்குள் கோபுரம் ஏறி நிற்கிறான் என்றே நினைத்தேன். இந்த ஊர் மாதா கோயில்களில் இப்படியும் ஒரு வழக்கம் போலிருக்கிறது என்று மனதுக்குள் ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன். நல்ல சகுனம். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வேறு கோயில் தேடுங்கோ என்பாள், பொழுது போய்விடும், விபூதிப் புதன் வந்துவிடும்.

அவள் வாசற்படிக்குப் போனாள். அங்கே போனதும் செய்தாள் பாருங்கள், ஒரு காரியம். படியில் நின்று சப்பாத்துகளைக் கழற்றினாள். இரண்டையும் சோடியாக ஓரத்தில் வைத்தாள். ஊரில் கோயில் வாசலில் செருப்புக் கழற்றிப் பழகிய கால். பூட்டிய கதவாக இருந்தால் என்ன, பனியாக இருந்தால் என்ன. வெறும் காலுறையோடு, மேசோடு போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை. அப்படியே நின்று நெற்றியைக் கதவில் வைத்துச் செபிக்கத் தொடங்கினாள். நான் தெருவிலிருந்து கத்தினேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, அவளுக்குக் கேட்கவில்லை.

அந்த நேரம் ஒரு பழைய ட்ரக் வந்து நின்றது. சிவப்புத் தொப்பி போட்ட பக்கத்துத் தோட்டக்காரக் கிழவர் ஒருவர் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கோயிலின் சூட்டடுப்பை மூட்டிவிடுவது அவருடைய பொறுப்பு. கார் புதைந்துவிட்டதா என்று என்னைக் கேட்டார். இல்லை, படம் பிடிக்கிறோம் என்றேன். கதவடியில் சேலை கட்டிய ஒரு பெண் மேசோடு நிற்பதைக் கண்டதும் அவர் என்னை மறந்துவிட்டுப் பாதையில் விறுவிறு என்று போனார். திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கோயிலின் யன்னல்கள் எல்லாம் ஒன்றாக மஞ்சளாயின.

நான் நினைத்தே பார்க்காத வெளிச்சம் அது. வானம் இன்னும் முழுக்க இருளவில்லை. பனி நீலமாக மாறிக்கொண்டிருந்தது. நடுவில் அந்த மஞ்சள் யன்னல்கள், அவற்றின் வெளிச்சம் பனியில் நீளமாக விழுந்து கிடந்தது. படத்துக்கு ஒரேயொரு குறை, படியில் கிடந்த அவளுடைய சப்பாத்துகள். போய் எடுக்கலாம். ஆனால் சுற்றிப் போய் எடுத்துத் திரும்பி வருவதற்குள் அந்த வானம் போய்விடும். குறுக்கே போனால் பனி நாசம். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தாளில் சொன்னபடி, ஒளிமானி காட்டியதைவிடக் கூடுதலாக வெளிச்சம் விட்டேன். கையுறையைக் கழற்றி, மூச்சை அடக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எடுத்தேன். மூன்றோ நாலோ எடுப்பதற்குள் விரல் மரத்துப்போய் எது விரல், எது கமரா என்று தெரியாமல் போய்விட்டது.

அவள் திரும்பி வந்தபோது கால் சூடாக இருந்தது. அடுப்படியில் கிழவர் கதிரை போட்டு இருத்தியிருக்கிறார். உள்ளே எப்படி என்று கேட்டேன். துப்புரவாய் இருக்கு என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சேவலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தோம். நான் காரை ஒழுங்காக ஓட்டியதால்தான் என்று அப்போது நினைத்தேன்.

படம் வந்தது. நான் பிடித்த படங்களில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று இல்லை. பனி பனியாகவே இருந்தது. அதைக் கையில் வைத்து அவள் கனநேரம் பார்த்தாள், யன்னலடியில் கொண்டுபோயும் பார்த்தாள். உச்சியைப் பார்த்துவிட்டாளோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். பிறகு படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில், இது இங்கே உள்ள ஒரு கோயில், என்று எழுதினாள். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து உறையில் போட்டு ஒட்டினாள். அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் அவளே தபாலில் சேர்த்தாள்.

விபூதிப் புதன் வந்தது, போனது. மாசி முடிந்து பங்குனியும் பாதி ஆகிவிட்டது. பின்னேரம் வேலையால் வந்ததும் கீழ்த்தளத்துத் தபால்பெட்டியை அவள் ஒருதரம் திறப்பாள், பின்னால் வருகிற நான் இன்னொருதரம் திறப்பேன். ஒருவர் திறந்ததை மற்றவர் காணாத மாதிரி இருப்போம். நான் முருகனிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். கோபுரம் ஏறி நின்றது போதாது, வேலையையும் செய்ய வேண்டும் என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் காரை நிறுத்திவிட்டு வர, அவள் தபால்பெட்டியடியில் தாளையே உறையாக மடித்து ஒட்டிய நீல ஏரோகிராம் ஒன்றை வைத்துக்கொண்டு நின்றாள். எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்று பார்க்கிற நிலையில் அவள் இல்லை. பின்மடிப்பில், அனுப்புகிறவர் பெயர் எழுதும் இடத்தில் அப்பாவின் எழுத்தைக் கண்டதும் கிழித்துவிட்டாள். கடிதம் மூன்று துண்டாகிவிட்டது. மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் ஆறு மாடியும் படியால் ஏறினோம். சாப்பாட்டு மேசையில் துண்டுகளைப் பொருத்தி வைத்து, ஆளுக்கொரு பக்கம் கையால் அமத்திக்கொண்டு வாசித்தோம்.

சுகம் விசாரிப்பு இல்லை, அன்புள்ள மகளுக்கு என்பதும் இல்லை. படம் கிடைத்தது என்று தொடங்கியது. உட்பக்கம் முழுக்க எழுத்து; அத்தனையும் திட்டு. நீர் இதைக் கோயில் என்று எழுதியிருக்கிறீர், கோயில்தான், ஆனால் எங்கள் கோயில் அல்ல, உச்சியில் குருசு இல்லை, சேவல் நிற்கிறது, பூதக்கண்ணாடி வைத்து மூன்று தரம் பார்த்தேன், சேவலேதான். இது புரட்டஸ்தாந்துக்காரருடையது. யன்னல் கண்ணாடியில் அர்ச்சிஷ்டவர், புனிதர் என்று ஒருவருடைய படமும் இல்லை. ஞானோபதேச வகுப்பில் முதற் பரிசு எடுத்த பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போனது எப்படி. உடனே ஒரு சரியான கோயிலைத் தேடிப் போகவும், போனதும் அதன் பெயரை எனக்கு எழுதவும். இப்படியே போனது. படத்தின் அழகைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்று விநாடி எண்ணியவனுக்கு எப்படி இருந்திருக்கும்.

கடைசிப் பந்தியில் எழுத்து சின்னதாகியிருந்தது, இடம் போதாமல். 'படியில் ஒரு சோடி சப்பாத்து கிடக்கிறது. பெண்பிள்ளையின் அளவு. அது உம்முடையதா? அப்படியானால் அந்தப் பனியில் உமது கால் எங்கே இருந்தது? படம் எடுத்தவர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றாரா?'

அந்த இடத்தில் அவள் கையை எடுத்துவிட்டாள். துண்டு சுருண்டுகொண்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிக்கிறாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், கண்ணாலும் தண்ணீர் ஓடியது.

எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். சேவலை அன்றைக்கே கமராவுக்குள் கண்டேன், முருகன் என்று நினைத்து மறைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

"எனக்கும் தெரியும்" என்றாள்.

உள்ளே போனதுமே தெரிந்துவிட்டதாம். பீடம் இல்லை, சுரூபம் இல்லை, அணையா விளக்கு இல்லை. கிழவரும் தங்கள் சபையின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவள் அத்தனை நேரம் கும்பிட்ட கெபி, அந்தக் காலத்தில் குதிரைகளுக்குத் தண்ணீர் அடித்த பம்பு என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

"பிறகேன் அனுப்பினீர்?" என்று கேட்டேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைத்தாள். "ரண்டு வருஷம் ஒரு பிழையும் இல்லாமல் எழுதிப் பாத்தன். அவர் வாசிச்சுப்போட்டு வைச்சார். பிழையாய் ஒண்டு அனுப்பினால் அப்பாவாலை சும்மா இருக்கேலாது. சாமியாற்றை பிரசங்கத்தையே பிழை திருத்திக் குடுக்கிற மனிசன் அவர்" என்றாள்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஐந்து நிமிடம் எனக்குக் கோபம் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு சனிக்கிழமை, விரல் மரத்துப்போனது, அந்த வானம், அந்த மஞ்சள் வெளிச்சம் எல்லாம் என் கெட்டித்தனம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருக்க, வேலை செய்தது ஒரு இரும்புச் சேவலும் அவளுடைய தந்திரமும். பிறகு நானும் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். பல வருடங்களுக்குப் பின் கியூபெக் பக்கம் போனபோது அங்கே கத்தோலிக்கக் கோபுரங்களிலும் சேவல் நிற்பதைக் கண்டேன். அதை மாமனாருக்கு எழுதக்கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கினாள். அதற்குள் மாதம் தவறாமல் பதில் வந்துகொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அவள் பதில் எழுதக் காகிதம் தேடிக்கொண்டிருந்தாள். சப்பாத்து என்னுடையதுதான், கால் சுகமாக இருக்கிறது என்று முதல் வரியைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே அறைக்கும் மேசைக்குமாக நடந்தாள். நான் கிழிந்த கடிதத்தை ஒட்டுவோம் என்று ஒட்டுநாடாவை எடுத்தேன். எழுத்து மறையக்கூடாது என்பதற்காகத் துண்டுகளைத் திருப்பி, பின்பக்கமாகப் பொருத்தினேன். ஏரோகிராமின் வெளிப்பக்கம், விலாசம் எழுதுகிற பக்கம் அது. அவசரத்தில் நாங்கள் இருவரும் அதைப் பார்க்கவே இல்லை.

மூன்று துண்டும் சேர்ந்ததும் விலாசம் முழுதாக வந்தது. ஆங்கிலத்தில், ஒவ்வொரு எழுத்தும் அச்சில் வார்த்த மாதிரி, அதிபரின் கையெழுத்து. மகளின் பெயர் அதில் இல்லை. மிஸ்ஸிஸ் என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் என் பெயரை எழுதியிருந்தார். என் அப்பாவின் பெயரின் முதலெழுத்தைக்கூட விடவில்லை. நான் அவளைக் கூப்பிட்டு அந்த வரியில் விரலை வைத்தேன். அதுவரை அறைக்குள் நடந்துகொண்டிருந்தவள் பேனையும் கையுமாக நின்றாள். பிறகு என் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, அவ்வளவு நாளும் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள்.